ஆற்றை அளந்தவர்கள்

நுழையும்முன்

உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையம், உலகின் மிக நீண்ட அதிவேகத் தொடர்வண்டித் தடங்கள், ஒரு பேராற்றின் அடியில் வேறோர் ஆற்றின் நீரைக் கடத்தும் கால்வாய் எனச் சீனாவின் கட்டுமானங்கள் உலகின் கவனத்தை ஈர்த்து வருகின்றன. அவற்றின் அளவைக் கண்டு வியப்போர் பலர். அந்த அளவுக்குப் பின்னால் ‘கட்டலாம்’ என்றவர்களும் ‘இப்படிக் கட்டலாகாது’ என்றவர்களும் நடத்திய நெடிய வாதம் ஒன்று உண்டு. அவ்வாதத்தை மஞ்சளாறு, யாங்சி ஆகிய இரு பேராறுகளின் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

கல்லில் செதுக்கிய மீன்கள்

சீனாவின் தென்மேற்கில், சோங்சிங் மாநகரத்தின் ஆட்சிப் பரப்புக்கு உட்பட்ட ஃபூலிங் என்னும் ஊரின் அருகே, யாங்சி ஆற்றுக்குள் ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைத்தொடர் உண்டு. பைஹெலியாங் என்பது அதன் பெயர்; வெண்கொக்குத் திட்டு என்று பொருள்படும். ஆண்டின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருந்த அப்பாறை, குளிர்காலத்தில் ஆறு மிகவும் வற்றும்போது மட்டும் வெளியே தெரிந்தது. அத்தகைய காலங்களில் அங்குச் சென்ற அலுவலர்களும் புலவர்களும் பாறையில் மீன் உருவங்களைச் செதுக்கி, நீர்மட்டம் மீனுக்கு எவ்வளவு கீழே நின்றது என்பதை ஆண்டுக் குறிப்புடன் எழுதிவைத்தனர். தாங் மரபினர் ஆட்சியில், பொ.ஆ. 763 முதல் தொடங்கும் இக்குறிப்புகள் ஏறத்தாழ 1,200 ஆண்டுகால நீர்மட்ட வரலாறாக அமைந்துள்ளன. மீன் கண்ணில் பட்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் பெருகும் என்பது அவ்வட்டார உழவர்களின் நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறமிருக்க, அம்மீன்களின் கண்மட்டமும் இக்கால நீரளவு நிலையத்தின் சுழியப் புள்ளியும் ஏறத்தாழ ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, அக்கல்தச்சர்களின் நுண்மை உலகுக்குப் புலப்பட்டது.

இன்று எத்தகைய வறட்சி வந்தாலும் அம்மீன்களை ஆற்றின்மேல் காண இயலாது. கீழே கட்டப்பட்ட மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கம் பாறையை நிலையாக மூழ்கடித்துவிட்டது. பாறையைப் பெயர்த்தெடுக்காமல் இருந்த இடத்திலேயே காப்பதற்காக அதன்மேல் கவிகைக் கூரை ஒன்றைக் கட்டி, உள்ளும் புறமும் நீரழுத்தம் சமமாக இருக்குமாறு தூய நீரை நிரப்பி, 2009ஆம் ஆண்டு அங்கு நீரடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். பார்வையாளர்கள் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, சாளரங்களின் வழியாக அக்கல்வெட்டுகளைக் காண்கின்றனர். இழப்பு, அவ்விழப்பை ஈடுசெய்யும் திறன் ஆகிய இரண்டும் ஒரே இடத்தில் தோன்றுவது சீனத்துப் பொறியியலில் மீண்டும் மீண்டும் காணப்படும் இயல்பாகும்.

அணையின்றி ஆண்ட ஆறு

நீரை அளந்து ஆளும் கலை சீனாவில் மிகப் பழைமையானது. பொ.ஆ.மு. 256ஆம் ஆண்டை ஒட்டி, ச்சின் அரசின் சார்பில் ஷூ நிலப்பகுதியை ஆண்ட லீ பிங் என்னும் ஆளுநர், மின் ஆற்றின் வெள்ளத்தைத் தணித்துச் செங்டு சமவெளிக்கு நீர் தர முனைந்தார். ஆற்றின் குறுக்கே அவர் அணை எழுப்பவில்லை. ஆற்றின் நடுவே மீன்வாய் வடிவில் ஒரு கரையை அமைத்து, ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தார். உள்ளாற்றின் நீர் பாசனத்துக்குச் சென்றது. வெளியாறு வெள்ளத்தையும் வண்டலையும் சுமந்து சென்றது. இடையில் நின்ற மலையைக் குடைய வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறையை நெருப்பிட்டுச் சூடாக்கி, உடனே நீர் ஊற்றிக் குளிர்வித்து, விரிசல் விழச்செய்து பிளந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. தூச்சியாங்யென் எனப்படும் இவ்வமைப்பு 2,200 ஆண்டுகளைக் கடந்து இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது.

இவ்வளவு காலம் அது நிலைத்ததற்குக் காரணம் வண்டலைப் பற்றிய தெளிவே ஆகும். வளைந்தோடும் நீர் மணலை எப்பக்கம் ஒதுக்கும் என்பதை அறிந்து, மிகுநீரோடு மணலும் வழிந்தோடுமாறு தாழ்வான கலிங்கு ஒன்றை அமைத்தனர். மூங்கில் கூடைகளில் கற்களை நிரப்பிக் கரையாக அடுக்கினர். பழுதானவற்றை அவ்வப்போது மாற்றினர். ஆற்றின் அடியில் படிந்த மணலைத் தோண்டுவதும் கரைகளைச் சீர்செய்வதும் ஆண்டுதோறும் தவறாது நடைபெற்ற பணிகள். நீர்மட்டத்தை அறிவதற்கு ஆற்றில் மூன்று கல்மனிதர்கள் நிறுத்தப்பட்டனர் என்றும், நீர் அவர்களின் பாதத்துக்குக் கீழே இறங்கவும் தோளுக்கு மேலே ஏறவும் கூடாது என்பது விதி என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. பொ.ஆ. 168ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளுடன் லீ பிங்கின் கற்சிலை ஒன்று 1974இல் அவ்வாற்றிலிருந்தே கிடைத்தது.

தெளியாத ஆறு

யாங்சியோடு ஒப்பிட்டால் மஞ்சளாறு முற்றிலும் வேறான இயல்புடையது. மென்மையான மஞ்சள் வண்டல்மண் மேட்டுநிலத்தை அரித்துக்கொண்டு வரும் இவ்வாறு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் மண்ணைச் சுமந்தது. அறிவுசான்ற அரசன் தோன்றும்போது மஞ்சளாறு தெளியும் என்பது சீன மக்களின் பழைய நம்பிக்கை. 1949இல் அமைந்த புதிய அரசு அந்நம்பிக்கையைக் கற்காரையால் மெய்ப்பிக்க விரும்பியது. சோவியத் வல்லுநர்கள் வரைந்த திட்டப்படி, சான்மென்சியா என்னுமிடத்தில் 1957இல் அணைப்பணி தொடங்கியது.

அவ்வாண்டு நடைபெற்ற வல்லுநர் கூட்டத்தில் உறுதியாக எதிர்த்துப் பேசியவர் ஹுவாங் வான்லி. அமெரிக்காவில் நீரியல் பயின்று, ஆறுகளின் கரைகளில் நெடுந்தொலைவு நடந்து ஆய்வு செய்தவர். சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். மண் சுமப்பது மஞ்சளாற்றின் இயற்கைத் தொழில் என்றும், அதைத் தடுத்தால் மண் அணைக்குப் பின்னே படிந்து, மேற்பகுதியில் வந்து கலக்கும் வெய் ஆற்றையும் தூர்த்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். அணையை நிறுத்த இயலாதெனில், அதன் அடியிலுள்ள துளைகளையேனும் அடைக்காமல் விடுங்கள், பிற்காலத்தில் மண்ணை வெளியேற்ற அவை உதவும் என்று கேட்டுக்கொண்டார். துளைகள் அடைக்கப்பட்டன. ஹுவாங் ‘வலதுசாரி’ எனக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பணிநிலை இழந்தார்.

1960இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் 150 கோடி டன் அளவில் மண் படிந்தது. வெய் ஆறு கலக்குமிடத்தில் ஆற்றுப்படுகை 4 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து, பழம்பெரும் சியான் நகரமே வெள்ள அச்சத்துக்கு ஆளானது. அணைக்காக ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் ஊர்விட்டுச் சென்றிருந்தனர். பின்னர் மலையைக் குடைந்து புதிய சுரங்க வழிகள் அமைக்கப்பட்டன. அடைத்த அடித்துளைகளைப் பெரும்பொருள் செலவிட்டு மீண்டும் திறந்தனர். திட்டமிட்ட மின்னாற்றலில் சிறு பகுதியே கிடைத்தது. ஹுவாங் வான்லியின் மீதிருந்த குற்றச்சாட்டு 1980இல்தான் நீக்கப்பட்டது. அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார்.

மறுத்துரைத்தவர் கேட்கப்படாததன் விலை மற்றோரிடத்தில் இதைவிடக் கொடியதாக இருந்தது. ஹெனான் மாகாணத்தில் அணைகள் விரைந்து கட்டப்பட்ட காலத்தில், மதகுகள் போதா என்று வாதிட்ட சென் சிங் என்னும் நீரியலாளர், அளவுக்கு மீறி அஞ்சுபவர் எனக் கண்டிக்கப்பட்டார். 1975 ஆகஸ்டில் புயலோடு வந்த மழை சில இடங்களில் ஒரே நாளில் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டியது. பான்ச்சியாவ் அணையும் அதனோடு வேறு பல அணைகளும் ஓரிரவில் உடைந்தன. உயிரிழந்தோர் தொகை பல பத்தாயிரங்கள். பின்னர் வந்த பசியிலும் நோயிலும் மாண்டோரைச் சேர்த்தால் அது இன்னும் பன்மடங்கு என்று மதிப்பிடுவோரும் உளர். இந்நிகழ்வு பற்றிய ஆவணங்களின் மறைநிலை 2005ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஒரு பேரழிவின் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை என்பது பொறியியலுக்கும் நல்லதன்று. அடுத்த அணையை வரைபவர் எதைப் படித்துத் தெளிவார்?

வல்லமை வந்த வழி

1978ஆம் ஆண்டின் இறுதியில் டெங் சியாவோபிங்கின் தலைமையில் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. உழவர்கள் அரசுக்குரிய பங்கைச் செலுத்தியபின் எஞ்சிய விளைச்சலைத் தாமே விற்க இசைவு பெற்றனர். 1980இல் ஷென்ஜென் முதலிய கடற்கரை நகரங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாயின. அயல்நாட்டு முதலீடு வந்தது, ஆலைகள் பெருகின. 2001இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்த சீனா, 2010இல் ஜப்பானை விஞ்சி உலகின் இரண்டாம் பெரிய பொருளாதாரமாயிற்று.

ஆலைகள் மின்சாரத்தைக் கேட்டன. மின்சாரம் அணைகளைக் கேட்டது. அணைகள் எஃகையும் சிமென்ட்டையும் கேட்டன. அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பயன்படுத்திய சிமென்ட்டைவிட, 2011 முதல் 2013 வரையிலான மூன்றே ஆண்டுகளில் சீனா மிகுதியாகப் பயன்படுத்தியது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சேமிப்பைத் திரட்டும் அரசு வங்கிகள், நிலம் அரசுக்கோ ஊர்க்கூட்டுக்கோ உரியது என்னும் சட்டநிலை, தேர்தல் மாற்றங்களால் தடைபடாத நெடுங்காலத் திட்டம் ஆகியன இவ்விரைவுக்குத் துணைநின்றன. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் மறுப்போரின் குரலைச் சுருக்கவும் வல்லவை என்பதை மறத்தலாகாது.

சீனாவின் வல்லமைக்குப் பணம் மட்டும் காரணமன்று. கற்றுக்கொள்ளும் முறையும் காரணமாகும். மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு முதல் 14 பெருஞ்சுழலிகளை வாங்க 1997இல் அயல்நாட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்தபோது, அத்தொழில்நுட்பத்தைச் சீன ஆலைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்து நிறுவிய சுழலிகளில் ஒரு பகுதியைச் சீன ஆலைகளே செய்தன. 2022இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய பைஹெதான் நிலையத்தின் 16 சுழலிகளும் உள்நாட்டில் உருவானவை. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் ஆற்றலுடையது. உலகில் அத்துணைப் பெரிய நீர்மின் சுழலி முன்பு செய்யப்பட்டதில்லை. இருபத்தைந்து ஆண்டில் மாணவர் ஆசிரியரைக் கடந்துவிட்டார். அதிவேகத் தொடர்வண்டித் துறையிலும் இதே கதைதான். 2008இல் பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் இடையே 120 கிலோமீட்டரில் தொடங்கிய மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத் தொடர்வண்டி, இன்று 45,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அதிவேகத் தடமாக விரிந்துள்ளது.

மூன்று பள்ளத்தாக்கு அணை

யாங்சி ஆறு மலைகளை அறுத்துச் செல்லும் மூன்று பள்ளத்தாக்குகளை ஒட்டி அணை கட்டும் எண்ணத்தை முதலில் முன்வைத்தவர் சன் யாட் சென், ஆண்டு 1919. அக்கனவுக்கு வலுவூட்டியது வெள்ளம். 1931ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இலட்சக்கணக்கானோர் சாவுக்குக் காரணமாயிற்று. 1954இல் 30,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலின் இவ்வணையைப் பெருமைக்காக எழுப்பிய ஒன்றென்று மட்டும் கருதுவது பொருந்தாது. கீழ்க்கரையில் வாழ்ந்த கோடிக்கணக்கானோருக்கு அது உயிர் பற்றிய கேள்வி.

ஆயினும் சான்மென்சியாவின் நினைவு பொறியாளர்களை விட்டு நீங்கவில்லை. 1980களின் இறுதியில் திட்டத்தை மறு ஆய்வு செய்ய 412 வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒன்பது பேர் அறிக்கையில் கையொப்பமிட மறுத்தனர். முதுமையிலும் ஹுவாங் வான்லி தலைவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். எதிர்ப்புக் கருத்துகளைத் தொகுத்து 1989இல் நூலாக்கிய இதழாளர் டாய் சிங் அவ்வாண்டே சிறைப்பட்டார்; நூலும் தடைசெய்யப்பட்டது. 1992 ஏப்ரலில் தேசிய மக்கள் பேராயத்தில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 1,767 பேர் ஆதரித்தனர். 177 பேர் எதிர்த்தனர். 664 பேர் நடுநிலை வகித்தனர். ஒருமித்த கைதூக்கலே வழக்கமான அம்மன்றத்தில் மூவருள் ஒருவர் உடன்படாதது அதுவரை காணாத நிகழ்ச்சி.

1994இல் பணி தொடங்கியது. 1997இல் ஆறு திசைதிருப்பப்பட்டது. 2003இல் நீர் தேங்கியது. 2012இல் கடைசிப் பெருஞ்சுழலி இயங்கியபோது மொத்த ஆற்றல் 22,500 மெகாவாட்டை எட்டியது. அணையின் நீளம் ஏறத்தாழ 2,300 மீட்டர். உயரம் 181 மீட்டர். பின்னால் விரியும் நீர்த்தேக்கத்தின் நீளம் 600 கிலோமீட்டருக்கும் மேல். செலவு ஏறத்தாழ 20,700 கோடி யுவான் என அரசுத் தணிக்கை தெரிவித்தது. அதன் ஒரு பகுதி, நாடெங்கும் மின்சாரம் பயன்படுத்துவோரிடம் சிறு கூடுதல் கட்டணமாகத் திரட்டப்பட்டது.

இவ்வணையின் உண்மையான நுட்பம் அதன் பருமனில் இல்லை, நாட்காட்டியில் உள்ளது. கோடையில் வெள்ளமும் வண்டலும் ஒருங்கே வரும். அப்போது நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து 145 மீட்டர் அளவுக்குத் தாழ்த்தி, ஆழத்திலுள்ள மதகுகள் வழியே கலங்கல் நீரை வெளியேற்றுகின்றனர். தாழ்த்திய இடத்தில் 2,215 கோடி கன மீட்டர் வெள்ளத்தைத் தற்காலிகமாகத் தாங்கலாம். வண்டல் குறைந்த இலையுதிர்காலத்தில் மதகுகளை மூடித் தெளிந்த நீரை 175 மீட்டர் வரை தேக்குகின்றனர். கலங்கலை விடு, தெளிவைத் தேக்கு என்னும் இம்முறை சான்மென்சியாவைச் சீர்செய்யும்போது கற்றதாகும். ஹுவாங் கேட்ட அடித்துளைகளின் வழித்தோன்றலே இம்மதகுகள் எனலாம்.

அணைத்திட்டத்தின் தலைமைப் பொறியாளர்களுள் ஒருவரான பான் ஜியாஜெங்கிடம், இத்திட்டத்துக்கு மிகுதியாகப் பங்களித்தவர் யார் எனக் கேட்டபோது, எதிர்த்தவர்களே என விடையளித்ததாகச் சீனாவில் பரவலாக எடுத்துக்கூறப்படுகிறது. அவர்களின் வினாக்களே வடிவமைப்பைச் செப்பனிட்டன என்பது அவர் கருத்து. எதிர்த்தவர் கூறியவை அனைத்தும் பலித்துவிடவும் இல்லை. பரற்கற்கள் குவிந்து சோங்சிங் துறைமுகம் தூர்ந்துபோகும் என்ற ஹுவாங்கின் கணிப்பு இதுவரை மெய்ப்படவில்லை. மேற்பகுதியில் புதிய அணைகளும் வளர்ந்த காடுகளும் வண்டலைத் தடுத்ததால், எதிர்பார்த்ததைவிடக் குறைவான மண்ணே வருகிறது. ஆனால் அதே காரணத்தால், அணைக்குக் கீழே பசித்த நீர் படுகையை அரிக்கிறது. ஷாங்ஹாயை அடுத்த கழிமுகத்துக்கு வண்டல் வரத்துக் குறைந்துள்ளது. ஆற்றில் ஓரிடத்தில் எழுதும் கணக்கு வேறோரிடத்தில் தீர்க்கப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> மூன்று பள்ளத்தாக்கு அணையைக் கடக்கும் கப்பல்கள் ஐந்து படிகளாக அமைந்த நீர்ப்பூட்டுகளின் வழியே ஏறி இறங்குகின்றன. இதற்குச் சில மணி நேரமாகும். 2016இல் இயங்கத் தொடங்கிய கப்பல் தூக்கி, 3,000 டன் வரையிலான கப்பலை அது மிதக்கும் நீர்த்தொட்டியுடன் சேர்த்து 113 மீட்டர் வரை உயர்த்துகிறது. 2020ஆம் ஆண்டில் இவ்வணை 11,180 கோடி யூனிட் மின்சாரம் தந்து, ஓராண்டு நீர்மின் உற்பத்தியில் உலக அளவில் முதலிடம் பெற்றது.

ஊர் மூழ்கிய கணக்கு

நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். சீனத்தின் பழம்புலவர் சூ யுவான் பிறந்த மண்ணாகக் கருதப்படும் சிகுயின் பழைய ஊரும் நீரில் ஆழ்ந்தது. ஃபெங்ஜியே நகரின் பழைய கட்டடங்கள், நீர் ஏறுமுன்னரே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டின் கதவு, ஓடு, உத்திரம் ஆகியவற்றைக் கழற்றிப் படகேற்றி, மேட்டில் எழும்பிய புதிய நகரங்களுக்குக் குடும்பங்கள் சென்றன. மலைச்சரிவில் அனைவருக்கும் நிலம் போதாமையால், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஷாங்ஹாய், குவாங்டோங் முதலிய தொலைவான பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே பேச்சுவழக்கு வேறு; பயிர் வேறு; உணவும் வேறு. ஆரஞ்சுத் தோப்பில் வளர்ந்தவர் நெல்வயலில் தொழில் கற்க வேண்டியிருந்தது.

புதிய வீடு பழையதைவிட உறுதியாகவும் வசதியாகவும் இருந்ததென மகிழ்ந்தோரும் உண்டு. இழப்பீடு உரியவர் கைக்கு வராமல் இடையில் கரைந்ததென முறையிட்டோரும் உண்டு. நீர்மட்டம் ஆண்டுதோறும் 30 மீட்டர் ஏறி இறங்குவதால் கரைகளில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு, சிலர் மறுபடியும் ஊர் மாற நேர்ந்தது. 2011 மே மாதத்தில் சீன அமைச்சரவையே, இடம்பெயர்ந்தோர் வாழ்வு, சுற்றுச்சூழல், நிலச்சரிவு ஆகியவற்றில் உடனே தீர்க்க வேண்டிய சிக்கல்கள் உள்ளன எனப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது. யாங்சியில் மட்டும் வாழ்ந்த பைஜி என்னும் ஆற்று ஓங்கிலை 2006ஆம் ஆண்டின் தேடலில் ஒன்றுகூடக் காண இயலவில்லை. அணைக்கு முன்பே மீன்வலைகளாலும் கப்பல் போக்குவரத்தாலும் அது அருகியிருந்தது என்பதால் அப்பழியை முழுவதும் அணையின்மீது சுமத்துவது முறையாகாது.

வடக்கு நோக்கிய நீர்

சீனாவின் தெற்கில் நீர் மிகுதி; வடக்கில் மக்களும் வயல்களும் ஆலைகளும் மிகுதி. 1997ஆம் ஆண்டில் 226 நாள்கள் மஞ்சளாறு கடலையே அடையவில்லை. தெற்கின் நீரை வடக்குக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் 1952 முதல் பேசப்பட்டது. பணி 2002இல் தொடங்கியது. கிழக்கு வழி, பெய்ஜிங்கையும் ஹாங்சோவையும் இணைக்கும் பழம்பெரும் பெருங்கால்வாயின் தடத்தையொட்டி அமைந்து 2013இல் இயங்கியது. நடு வழி 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. டாஞ்சியாங்கொவ் நீர்த்தேக்கத்திலிருந்து பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் செல்லும் இதன் நீளம் 1,432 கிலோமீட்டர். ஏறத்தாழ 100 மீட்டர் சரிவை அத்தனை தொலைவுக்கும் பங்கிட்டு, பெரும்பாலும் புவியீர்ப்பாலேயே நீரை ஓடச்செய்தனர். மஞ்சளாறு குறுக்கிடும் இடத்தில், அதன் படுகைக்கு அடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்களின் வழியே யாங்சியின் கிளையாற்று நீர் கடந்து செல்கிறது. இரு பேராறுகளின் நீர் ஒன்றன்கீழ் ஒன்றாக, கலவாமல் செல்லும் அவ்விடம் அளவியல் துல்லியத்துக்குச் சான்றாகும்.

இதற்காக டாஞ்சியாங்கொவ் அணையை உயர்த்தியபோது மேலும் 3,45,000 பேர் குடிபெயர்ந்தனர். அவர்களுள் சில குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு முன் அதே அணை முதன்முதலாகக் கட்டப்பட்டபோதும் ஊரிழந்தவை. பெய்ஜிங்கின் குழாயில் இன்று வரும் நீரில் பெரும்பங்கு அக்குடும்பங்கள் விட்டுவந்த பள்ளத்தாக்கின் வழியே வருகிறது.

எல்லை கடக்கும் ஆறு

2025 ஜூலையில் திபெத்தில் யார்லுங் சாங்போ ஆற்றின் கீழ்ப்பகுதியில் புதிய நீர்மின் பணி தொடங்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1.2 இலட்சம் கோடி யுவான், ஐந்து மின்நிலையங்கள், ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் மின்சாரம். மூன்று பள்ளத்தாக்கு அணை தருவதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு இது. நம்சா பர்வா மலையை ஆறு பெருவளைவாகச் சுற்றி, ஏறத்தாழ 2,000 மீட்டர் கீழிறங்கும் இடத்தில் மலையைக் குடைந்து நீரைப் பாய்ச்சுவது திட்டத்தின் அடிப்படை. 1950இல் 8.6 அளவிலான நிலநடுக்கம் உலுக்கிய வட்டாரம் அது.

அவ்வாறு வளைவைக் கடந்தபின் அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என்றும், அசாமில் பிரம்மபுத்திரா என்றும், வங்கதேசத்தில் ஜமுனா என்றும் பெயர் பெறுகிறது. கீழ்க்கரை நாடுகளுக்குத் தீங்கு நேராது எனச் சீனா கூறுகிறது. இந்தியா தன் கவலைகளைத் தெரிவித்துள்ளது. பிரம்மபுத்திராவின் நீரில் கணிசமான பகுதி இந்திய எல்லைக்குள் பெய்யும் மழையால் வருவது உண்மைதான். எனினும் வண்டலும் திடீர் வெள்ளமும் எல்லைக்கோட்டை அறியா. சான்மென்சியாவில் மறுத்தவர் ஒரே பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தார். 1992இல் மறுத்தோர் ஒரே மன்றத்தின் உறுப்பினர்களாக இருந்தனர். இம்முறை வினா எழுப்புவோர் வேறு நாட்டின் குடிமக்கள். அவர்களுக்கு அம்மன்றத்தில் இருக்கை இல்லை.

பன்னாட்டு நீர்வழிகள் பற்றி 1997இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய உடன்படிக்கையைச் சீனா எதிர்த்து வாக்களித்தது. இந்தியா நடுநிலை வகித்தது. இரு நாடுகளும் இன்றுவரை அதில் சேரவில்லை. எஞ்சியிருந்தது 2002இல் செய்துகொண்ட எளிய ஏற்பாடு ஒன்று. அதன்படி, யார்லுங் சாங்போ கரையிலுள்ள மூன்று நீரளவு நிலையங்களின் மழைக்கால நீர்மட்டத்தைச் சீனா இந்தியாவுக்குத் தெரிவித்து வந்தது. அவ்வேற்பாட்டின் காலம் 2023இல் முடிந்தது. அதைத் தொடர்வது குறித்து இரு நாடுகளும் பேசிவருகின்றன. ஆறு பெருகும் இரவில் அசாமின் கரையோரச் சிற்றூர்கள் மேட்டுநிலம் ஏறவேண்டுமா என்பதை முன்கூட்டி அறிய உதவுபவற்றுள் அந்த மூன்று அளவுகோல்களின் எண்களும் அடங்கும்.